கொள்ளுப் பொடிக்குப் பேர் வைத்த கதை

எட்டாம் வகுப்பில் நான் ஒரு பொய் சொன்னேன். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்ற பொய். தில்லியில் வளர்கிற தமிழ்ப் பிள்ளை சொல்லக்கூடிய பொய்களிலேயே ஆபத்து குறைந்தது இதுதான். வகுப்பில் அதைச் சோதித்துப் பார்க்க ஒருத்தருக்கும் வழி கிடையாது.

உண்மை என்னவென்றால், ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலேயே சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடந்தது. மூன்று வாரம் போனேன். அ முதல் ஃ வரை வந்ததும் எனக்கு அம்மை போட்டது. அம்மை இறங்கியது, கூடவே தமிழும் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் அந்த நேரத்தில் பாட்மிண்டன் ஆடப் போனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பொய்க்குக் காரணம் ஒரு ப்ராஜெக்ட். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, வீட்டில் செய்கிற ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதற்குப் பேர், லோகோ, பெட்டி, ஒரு வரி விளம்பரம் எல்லாம் நாங்களே உண்டாக்கிக் கடைச்சரக்கு மாதிரி கொண்டுவந்து வைக்க வேண்டும். பள்ளி ஹாலில் கண்காட்சி, வெளியிலிருந்து நடுவர்கள், மூன்று பேருக்கும் ஒரே மார்க். ஒருத்தி சறுக்கினால் மற்ற இரண்டு பேரும் சேர்ந்து விழ வேண்டியதுதான்.

வகுப்பிலேயே படம் நன்றாகப் போடுகிறவள் ஜஸ்லீன். அவள் குழுவில் சேர எல்லோரும் முட்டிமோதினார்கள். நான் படத்திலும் சுமார், பேச்சிலும் சுமார். ஆனால் அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. எல்லோரும் பெட்டியில் இங்கிலீஷும் ஹிந்தியும்தான் போடுவார்கள், நாம் யாருக்கும் தெரியாத ஒரு எழுத்தைப் போட்டால் தனியாகத் தெரியும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உனக்குத் தமிழ் எழுத வரும்தானே?" என்று கேட்டாள்.

"மேரி மதர் டங் ஹை யார்," என்றேன், அது என் தாய்மொழியாச்சே என்று. கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனால் அது போதுமானதாக இருந்தது. எனக்கு இடம் கிடைத்துவிட்டது.

மூன்றாவது ஆள் அங்கித். அவன் மாமா முனீர்காவில் ஸ்டிக்கர் அச்சடிக்கிற கடை வைத்திருந்தார், அந்தத் தகுதியில் வந்தவன். பொருள் எது என்று முடிவு செய்ய எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா இட்லியும் கொள்ளுப் பொடியும் வைத்தாள். அப்பாவுக்கு ஈரோட்டுப் பக்கம். கொள்ளு இல்லாமல் அவருக்கு ஒரு வாரம் ஓடாது. தில்லி கோல் மார்க்கெட்டில் பிறந்து அங்கேயே ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் படித்த அம்மா, கல்யாணத்துக்கப்புறம் அவருக்காகப் பழகிக்கொண்ட பொடி அது. வறுத்த கொள்ளு, மிளகாய், பூண்டு, கறிவேப்பிலை. அங்கித் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஏழாவதுக்கு இட்லி இல்லாமல் பொடியை மட்டும் நக்கிக்கொண்டிருந்தான். பொருள் முடிவாகிவிட்டது.

"இதைச் சாப்பிட்டா உடம்புல இருக்கற சர்பி எல்லாம் கரைஞ்சிடும்," என்று அம்மா ஹிந்தியில் சொல்ல, அங்கித் அதைப் பிடித்துக்கொண்டான். 'சர்பி கா துஷ்மன்' என்று அங்கேயே விளம்பர வரி தயார் செய்தான். கொழுப்பின் எதிரி. அதைச் சொன்னவன் எங்கள் மூன்று பேரிலும் குண்டு.

அப்புறம் என் முறை வந்தது. மறுநாள் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். இங்கிலீஷில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் தளம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். k-o-l-l-u என்று அடித்தேன். கீழே இரண்டு வார்த்தைகள் வந்து நின்றன. முதலில் 'கொல்லு'. அடுத்தது 'கொள்ளு'.

இரண்டையும் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன. இங்கிலீஷ் 'a'யைச் சிலர் ஒரு மாதிரியும் சிலர் வேறு மாதிரியும் எழுதுவதில்லையா, அப்படி ஏதோ கையெழுத்து விவகாரம் என்று நினைத்தேன். ஹிந்தியில் ஒரு 'ல'தான். தமிழ்க்காரர்கள் மட்டும் எதற்கு மூன்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

"ரெண்டுல எது?" என்றாள் ஜஸ்லீன்.

"ரெண்டும் ஒண்ணுதான். எது அழகா இருக்கோ அதைப் போடு," என்றேன், தமிழையே கரைத்துக் குடித்தவள் மாதிரி.

அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இரண்டாவது கொஞ்சம் நெருக்கடியாக இருக்கிறது, முதலாவதில் வளைவு நன்றாக இருக்கிறது, லோகோவுக்கு அதுதான் சரி என்றாள். அந்த 'ல்' கடைசியில் மேலே ஏறுகிற கோட்டை அப்படியே நீட்டி அதன் நுனியில் ஒரு மிளகாயைத் தொங்கவிட்டாள். பச்சை அட்டைப் பெட்டி, நடுவில் மஞ்சள் வட்டம், வட்டத்துக்குள் சிவப்பில் ஒரே வார்த்தை, மிளகாயோடு. அதன் கீழே சின்னதாக இங்கிலீஷில் kollu, அதற்கும் கீழே அங்கித்தின் ஹிந்தி வரி. சொல்லக் கூடாது, உண்மையிலேயே கடையில் வாங்கியது போல இருந்தது.

"பக்கா ஸ்பெல்லிங் சரிதானே?" என்று ஜஸ்லீன் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் பக்கா என்றேன். ஆனாலும் ஸ்டிக்கர் அச்சாகி வந்த அன்று சாயங்காலம் யாரிடமாவது காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அப்பா ஆபீஸ் டூரில் போபால் போயிருந்தார். முதல் பெட்டியை அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முன்னால் பார்த்தாள், திருப்பிப் பின்னால் பார்த்தாள், மறுபடி முன்னால் பார்த்தாள். "எழுத்தெல்லாம் சரியா இருக்காம்மா?" என்றேன்.

"ம், அச்சா இருக்கு. நல்ல கலர்," என்றாள். "இந்த மிளகா ரொம்ப அழகு."

அப்பாடா என்று இருந்தது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை கண்காட்சி. எங்கள் மேஜையில் இருபது பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தோம். பெற்றோர்கள் வர ஆரம்பித்தார்கள். அப்பா காலையில்தான் ரயிலில் வந்து இறங்கியிருந்தார்; குளித்த ஈரத் தலையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் மேஜைக்கு வந்தார். முகமெல்லாம் பெருமையாக வந்தவர், கோபுரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்கண்ணு," என்றார் மெதுவாக. "இதை ஆரு எழுதுனது?"

"நான்தாம்ப்பா. கொள்ளு."

"இது கொள்ளு இல்ல சாமி. கொல்லு. ஆளை அடிச்சுக் கொல்லுங்கற கொல்லு." அவர் வாய் துடித்தது. அழப்போகிறாரோ என்று பயந்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளும்பாங்க. நீ கொழுத்தவனையே கொல்லச் சொல்லிப்போட்டியே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது பெட்டி, இருபதிலும் சிவப்பு எழுத்தில் 'கொல்லு'. இரண்டடி தள்ளி ஜஸ்லீன் யாரோ ஒரு ஆண்ட்டிக்கு எங்கள் லோகோவின் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். உண்மை தெரிந்தால் அவள் என்னோடு ஜன்மத்துக்கும் பேச மாட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். நீதானே பார்த்துச் சொன்னாய் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க தமிழ் படிக்க ஆரு வரப்போறா, உடு கண்ணு," என்று அப்பா என்னைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே நடுவர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர். ஒருவர் சர்தார்ஜி. இன்னொருவர் காஞ்சிபுரம் புடவையும் மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தியும் அணிந்த, வயதான, சந்தேகத்துக்கே இடமில்லாத தமிழ் மாமி. போதாத காலம் வந்தால் தில்லியிலும் தமிழ் தெரிந்தவர் வருவார்.

மாமி பெட்டியைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கினார். "என்னம்மா குழந்தை இது, கொல்லுன்னு போட்டிருக்கு? தெரியாமப் போட்டுட்டேளா, வேணும்னே போட்டதா?"

ஜஸ்லீனும் அங்கித்தும் ஒன்றும் புரியாமல் என் வாயையே பார்த்தார்கள்.

"வேணும்னேதான் மேடம்," என்றது ஒரு குரல். அம்மா! நாலு பேர் நடுவில் வாயே திறக்காத என் அம்மா. பெட்டியின் கீழ்ப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்க ஹிந்தில பாருங்களேன், சர்பி கா துஷ்மன். கொழுப்புக்கு எதிரி. அதனாலதான் மேல கொல்லு. கொழுப்பைக் கொல்லு. வாயால சொன்னா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே, அதை வச்சுக் குழந்தைங்க விளையாடியிருக்காங்க."

அப்புறம் மாமி சிரித்தார் பாருங்கள், ஹாலே திரும்பிப் பார்த்தது. அதே சிரிப்போடு சர்தார்ஜிக்கு இங்கிலீஷில் விளக்கினார், அவர் எங்கள் வகுப்பு மேடத்துக்கு ஹிந்தியில் விளக்கினார், மேடம் எங்களைப் பெற்றெடுத்தவர் போல நிமிர்ந்து நின்றார். எங்களுக்கு இரண்டாம் பரிசு. சோப்பு செய்தவர்களுக்கு முதல் பரிசு போனது, போகட்டும். கழுத்தில் விழுந்த கத்தி பூமாலையாகிவிட்டது.

"இவ்வளவு பெரிய ஐடியா, எங்க கிட்ட ஏன் சொல்லல?" என்று ஜஸ்லீன் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"சர்ப்ரைஸ்," என்றேன். அந்த ப்ராஜெக்டில் நான் சொன்ன கடைசிப் பொய் அதுதான்.

எல்லாம் முடிந்து பெட்டிகளைக் கட்டும்போது மாமி திரும்ப வந்தார். அவருடைய தமிழ்ச் சங்கத்தில் பெண்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்களாம். கைப்பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "பொடி பிரமாதம். பக்குவத்தை உங்க கையாலயே தமிழ்ல எழுதிக் குடுங்கோ. அப்படியே அச்சுல போட்டுடறேன்."

அம்மா நோட்டை வாங்கிக்கொண்டாள். பேனாவை வாங்கவில்லை. சற்று முன் அவ்வளவு தெளிவாகப் பேசியவளின் முகம் வெளிறிப்போயிருந்தது. கூச்சம் என்று நினைத்தேன்.

அப்பா சட்டென்று கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். "அவ சொல்லட்டுங்க, நான் எழுதறனுங்க," என்றார். "அவ கையெழுத்து கோழி கிளறுன குப்பையாட்ட இருக்கும். அச்சடிக்கறவன் ஓடிப்போயிருவான்."

மாமி சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், மூச்சு முட்டி வெளியே வந்தவள் மாதிரி. அப்புறம் அம்மா சொல்லச் சொல்ல, அப்பா நோட்டைச் சுவரில் வைத்துக்கொண்டு எழுதினார். கொள்ளு ஒரு டம்ளர், மிளகாய் எட்டு, பூண்டு தோலோடு.

எனக்குக் கோபமான கோபம். எங்களைக் காப்பாற்றிய அம்மாவை, அதுவும் அந்நிய மனுஷி முன்னால், இப்படியா மட்டம் தட்டுவது? இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. அவர் காரணம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அம்மா ஹிந்தியில் முத்து முத்தாக எழுதுவாள், பால் கணக்கிலிருந்து என் லீவ் லெட்டர் வரைக்கும். தமிழில் அவள் ஒரு எழுத்து எழுதியும் நான் பார்த்ததில்லை, பதிமூன்று வயது வரை ஒரு தடவைகூட. அது எனக்கு அன்று உறைக்கவே இல்லை.