ஸ்ப்ரே கன்னில் இரண்டு சொட்டு

ராஜகீழ்ப்பாக்கம் பஞ்சர் கடையில் மகளின் சைக்கிளுக்குக் காற்றடிக்க நின்றபோது வந்த கம்ப்ரஸர் எண்ணெய் வாசனை, இப்போது அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் அஸ்தினாபுரம் வீட்டு ஷெட்டுக்கு என்னை இழுத்துப் போனது. அங்கே கார்களுக்குப் பெயிண்ட் அடித்த அப்பா, காற்றில் ஓடும் கருவிகள் ஒவ்வொன்றின் உருவத்தையும் பலகையில் வரைந்து, அதனதன் ஆணியில் மாட்டுவார். மாட்டுமுன் காற்று நுழையும் வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது எட்டு வயதில் என் மாலை வேலை.

"பாப்பா, ஸ்ப்ரே கன்னுக்கு மட்டும் வாணாம். எண்ணெ பட்டா பெயிண்டுல மீன் கண்ணு மாரி குழி வுழும்" என்பார்.

ஒருநாள் அது மட்டும் காய்ந்து தொங்குகிறதே என்று பரிதாபப்பட்டு அதற்கும் விட்டேன். மறுநாள் ஒரு கார் கதவு முழுக்கக் குழி குழியாக வந்தது.

"இன்னாபா, அம்மை போட்ட மாதிரி கீது?" என்றார் கார்க்காரர்.

"என் தப்புதான் சார்" என்ற அப்பா, காற்றோடு எண்ணெய் கசிகிறதோ என்று மூன்று நாள் கம்ப்ரஸரைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றது நான்தான்.

அவர் இறக்கும்வரை நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. அப்பா கடைசிவரை அந்தக் கம்ப்ரஸரைத்தான் சந்தேகப்பட்டார். அதன் பிறகும் மாலையானால் எண்ணெயை என் கையில்தான் கொடுத்தார்.