அவர் நடிக்கிறார் என்று நானும் நம்பினேன்

அம்மனை நம்பி வந்திருக்கிறவர்களே, நான் செய்த பாவத்தையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும். அதை மறைத்தால் அவளுக்குச் சொல்லும் நன்றி ஆகாது.

என் பெயர் செல்லம்மாள். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறேன். இது நடந்தது வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை நடத்திய காலத்தில். ஆடி மழையில் என் வீட்டுக்காரர் மருதமுத்து கொழுந்து மூட்டையோடு வழுக்கி, கல்லுப் படியில் முதுகு அடிபட விழுந்தார். ரத்தம் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவும் இல்லை. ஆனால் இரண்டு காலும் கட்டை மாதிரி விறைத்துவிட்டன. பத்தடி வைப்பதற்குள் விழுந்துவிடுவார்.

தோட்டத்து வைத்தியர் உடம்பில் குறையில்லை, வேலைக்கு வரலாம் என்று எழுதிவிட்டார். அதைக் காட்டி, தோட்டத்து ஆபீஸில் நஷ்ட ஈடு கிடையாது என்றார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா எல்லார் முன்னாலும், "ஒம் புருஷன் நல்லா நடிக்கிறான்" என்றார். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளிலும் அதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்பில் காய்ந்த கரண்டியை எடுத்து அவர் பாதத்தில் வைத்தேன். நடிக்கிறவர் என்றால் துள்ளி எழுவார் அல்லவா? அசையவே இல்லை. தோல் கருகும் வாடை வந்தது. அப்போதுகூட, இவ்வளவு அழுத்தக்காரரா என்றுதான் என் புத்தி நினைத்தது.

அன்று மாலையே கோயிலுக்கு ஓடினேன். "தாயே, பொய்யின்னா எழுப்பி விடு. மெய்யின்னா எங் கண்ணுக்குக் காட்டு" என்று அழுதேன். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் விடவில்லை.

ஐப்பசியில் தொழிற்சங்கத் தலைவர், கொழும்பில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்க வழி செய்தார். ரயிலில் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, காலிலிருந்து ஊசியால் குத்திக்கொண்டே மேலே வந்தார். என் வீட்டுக்காரர், "குத்த ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். அதற்குள் ஊசி தொடையைத் தாண்டியிருந்தது.

பிறகு டாக்டர் ஒரு சாவியால் உள்ளங்காலைக் கீறினார். பெருவிரல் மெல்ல மேலே எழும்பியது. தமிழ் தெரிந்த நர்ஸம்மா எனக்கு விளக்கினார். "நமக்கெல்லாம் கீறினா வெரலு கீழ மடங்கும்மா. முதுகுத்தண்டு நரம்பு நசுங்குனவங்களுக்கு இப்படி மேல வரும். இத யாராலயும் நடிக்க முடியாது."

டாக்டர் பாதத்துத் தழும்பைத் தொட்டு, இது எப்படி வந்தது என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீதானா புள்ள? அடுப்புப் பொறி தெறிச்சிருச்சுன்னுல்ல இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நஷ்ட ஈட்டுக்காகச் சங்கம் போட்ட வழக்கில் விசாரணை அதிகாரி, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையே என்று கேட்டார். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நசுங்கிய நரம்பைக் காட்டாது என்று டாக்டரின் கடிதத்தில் இருந்தது. விரல் எழும்பியதும், சூடு தெரியாத பாதமும் அதில் இருந்தன. தோட்டத்து வைத்தியர் தாமே உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். பிறகு, தம் அறிக்கை தவறு என்று ஒப்புக்கொண்டார். நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

அவர் கால்கள் திரும்பி வரவில்லை. நான் அம்மனிடம் கேட்டது உண்மையை. அவள் அதைக் கொடுத்தாள். நடிக்கிறார்கள் என்று இன்றுவரை வேறு யாரையும் நான் சொன்னதில்லை.

உங்கள் வீட்டிலும் காயம் வெளியே தெரியாமல் ஒருவர் படுத்திருக்கலாம். ஊர் சொல்வதை விட்டுவிட்டு அவளிடம் போங்கள். காட்டு என்று கேளுங்கள், காட்டுவாள். அதைப் பார்க்கிற தைரியத்தையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.