பிராட்ஃபர்ட் அம்மையாரின் பெயர்

எசன் போகும் ரயிலில் எங்களுக்கு எதிரே ஒரு ஜெர்மன் அம்மையார் உட்கார்ந்திருக்கிறார். அவர் பயணப் பெட்டியில் தொங்கும் அட்டையில் பிராட்ஃபர்ட் என்று ஆங்கிலப் பெயர். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. எனக்கு ஜெர்மன் போதாது. கூட வரும் சிவநேசன் அண்ணை கேட்டுச் சொல்கிறார். அவர் பருத்தித்துறையிலிருந்து அகதியாக வந்தவர்.

"புருசன் இங்கிலீஷ் பட்டாளத்தில இருந்தவராம். பிராட்ஃபர்ட் எண்டா அகலமான ஆத்துத்துறையாம். அந்த ஊரை விட்டு வெளிக்கிட்ட ஆரோ பாட்டனுக்குத்தான் அந்தப் பேர் வந்ததாம். ஊரோட இருக்கிறவனை ஆர் ஊர்ப்பேர் சொல்லிக் கூப்பிடுறது?"

அம்மையார் இப்போது அண்ணையின் குடும்பப் பெயரைக் கேட்கிறார். கந்தையா என்கிறார். அது எந்த ஊர் என்று அம்மையாருக்குத் தெரிய வேண்டும்.

அண்ணை என் பக்கம் திரும்புகிறார். "ஊரில்லை, என்ர அப்பா எண்டு சொன்னனான், தம்பி. இங்க விசாக் கந்தோர், வேலையிடம், எல்லா இடத்திலயும் என்னை அவற்ற பேராலதான் கூப்பிடுகினம்."

பிறகு ஜெர்மனில் மெதுவாக ஏதோ சொல்கிறார். அம்மையார் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். போன வாரம் ஊரில் ஷெல்லடியில் அவருடைய அப்பா இறந்ததைத்தான் சொல்லியிருக்க வேண்டும். எசனில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு இன்னும் தெரியாது. நேரில் சொல்லத்தான் போகிறோம்.

வண்டி நிற்கிறது. மேடையில் அக்கா கைக்குழந்தையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். நாங்கள் இறங்கியதும் குழந்தையை அண்ணையிடம் நீட்டுகிறார்.

"மூக்கைப் பார், அப்பிடியே எங்கட அப்பா" என்கிறார்.