நாலாவது அடியில்தான் பேசினேன்

நண்பர்களே, இன்று விடியற்காலை என்னால் ஒருவர் அடிபட்டார்.

நாமகிரிப்பேட்டைக்குப் போகும் வண்டிக்காரர்களோடு, மரமே இல்லாத செம்பாறைப் பொட்டலில் இரவு தங்கினேன். விடிந்தபோது ஒரு காளையைக் காணோம். அவ்வழியே வந்த வழிப்போக்கரைப் பிடித்து, மண்டை உடையத் தடியால் அடித்தார்கள்.

"காளைய எங்கடா ஓட்டியுட்ட?"

"நான் பாக்கவே இல்லீங்க சாமி!"

இழுக்க இழுக்க இறுகுவது வண்டிக்காரர் முடிச்சு. அது தெரியாமல், வண்டிச் சக்கரத்தில் கட்டியிருந்த அந்தக் காளையின் கயிறு தளர்ந்திருக்கிறதே என்று படுக்குமுன் அவிழ்த்து, என் முறைப்படி கட்டியவன் நான். பயத்தில் வாய் எழவில்லை. நாலாவது அடியில்தான், முடிச்சை மாற்றிக் கட்டியது நான்தான் என்று கத்தினேன்.

தடியை ஓங்கியிருந்தவர் திரும்பினார். "ஏனுங்க வாத்தியாரே, இத மொத அடிக்கு முன்னாலயே சொல்றதுக்கு என்னங்க?"

அடிபட்டவர் ரத்தத்தைத் துடைத்தபடி என்னையே பார்த்தார்.

உண்மையைச் சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் எத்தனையாவது அடியில் வாய் திறந்திருப்பீர்கள்?