மேரிசெலின் கழுவாமல் விட்ட போத்தல்கள்

ஒரு புழுவை அறுக்க மேரிசெலினுக்கு மூன்று நிமிடம் போதும். முதலில் தலையில் ஊசியால் குத்துவாள். அது துடித்து முடியும் வரை காத்திருந்து, மெழுகு ஊற்றிய தட்டில் தலைக்கு ஒரு குண்டூசி, வாலுக்கு ஒரு குண்டூசி குத்தி நீட்டி வைப்பாள். மேலே கொஞ்சம் தண்ணீர். பிறகு சவர அலகின் துண்டு ஒன்றால் பக்கவாட்டில் நெடுக ஒரு கீறல். தோலை விரித்தால் உள்ளே உள்ளதெல்லாம் தண்ணீரில் எழும்பி மிதக்கும்: பச்சைக் குடல், மஞ்சள் கொழுப்பு, பட்டுநூல் சுரப்பி. குளவியின் குஞ்சு உள்ளே இருந்தால் கொழுப்புக்கு நடுவில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும். புழு செத்த பிறகும் அது உயிரோடு நெளியும். சாப்பாடு செத்துப்போனது அதற்கு இன்னும் தெரியாது.

இந்தக் கைப்பழக்கம் பன்றியிலிருந்து வந்தது. மேரிசெலின் மன்னாரில் பேசாலையில் பிறந்தவள். இருபத்தாறு வயதில் டென்மார்க்குக்கு வந்தாள். அங்கே யூலண்ட் என்ற பகுதியில் ஒரு பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் குடல் பிரிவில் நின்றாள். அந்த இடத்தை இப்போது மூடிவிட்டார்கள். பன்றி தலைகீழாகத் தொங்கி வரும். முன்னால் நிற்பவன் வயிற்றைப் பிளப்பான். ஆவி பறக்கக் குடல் தட்டில் விழும். அதை உருவிப் பிரித்து அனுப்புவது அவள் வேலை. ஈரலில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கையைத் தூக்க வேண்டும். அது வட்டப்புழு ஈரலைத் துளைத்துப் போன வடு. மிருக வைத்தியர் பார்க்கத் தவறிய புள்ளியையும் அவள் பிடித்துவிடுவாள் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

இருபதாவது வருடம் தொடங்கிய மாதத்தில் குடல் இழுக்கும் இயந்திரத்தின் உருளை அவளுடைய இடது கையை உள்ளே எடுத்தது. சின்ன விரலும் மோதிர விரலும் போயின. வேலையும் போனது. கணவர் அதற்கு முன்பே மாரடைப்பில் இறந்துவிட்டார். ரண்டர்ஸ் நகரத்துக்கு வெளியே, சங்கம் ஒன்று வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் ஒன்றை எடுத்துக் கோவா, அதாவது முட்டைக்கோஸ், நட்டாள். கோவாவில் புழு வந்தது. ஒன்றைப் பிடித்து நசுக்காமல் அறுத்துப் பார்த்தாள். உள்ளே வேறொன்று இருந்தது. அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம்.

முறை எளியது. புழுவை உயிரோடு பிடித்து ஜாம் போத்தலில் விட்டு, வாயில் பழைய நைலோன் காலுறையைக் கட்டிவிட வேண்டும். ஒரு போத்தலுக்கு ஒரு புழு. விட்டில் வந்தால் அதைத் திறந்துவிடுவாள். குளவி வந்தால் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொன்று, பள்ளிக்கூடம் ஒன்று கழித்த உருப்பெருக்கிக்குக் கீழே போட்டு எழுதுவாள். உணர்கொம்பில் எத்தனை கணு, பின்காலில் எந்த இடத்தில் என்ன நிறம், முட்டையிடும் ஊசி எவ்வளவு நீளம், இறக்கையில் நரம்புகள் எப்படிக் கட்டம் போடுகின்றன. தமிழில் எழுதி, பிறகு டெனிஷில் எழுதி, கொப்பன்ஹேகனில் அருங்காட்சியகத்தில் இருக்கும் பொவ்ல் என்பவருக்கு அனுப்புவாள். யூலண்டில் வேலிப் புழுக்களிலிருந்து வரும் குளவிகளுக்கு அவர் ஒரு பட்டியல் தயாரிக்கிறார். அதில் இருபத்திரண்டு குளவிகள் மேரிசெலின் அனுப்பியவை. ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இருபத்துமூன்றாவது திரும்பி வந்தது.

அவளுடைய துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் முள்செடிகள் வளர்ந்த ஒரு முள்வேலி. மே மாதம் பிறந்தால் அதில் புழுக்கள் கூட்டமாக வலை பின்னி, முழு வேலியையும் வெள்ளைத் துணி போர்த்தியது போல் ஆக்கிவிடும். வலைக்குள் இருந்தபடி இலையைத் தின்னும். போன வருடம் அந்தப் புழு ஒன்றிலிருந்து தேன் நிறத்தில் சிறிய குளவி ஒன்று வந்தது. முன் இறக்கையில் சாய்சதுரமாக ஒரு சின்னக் கட்டம். ‘புழுவைத் தின்று வெளியே வந்தது’ என்று எழுதி அனுப்பினாள்.

பொவ்ல் இந்த வருடம் மே மாதம்தான் பதில் எழுதினார். மரியாதையான கடிதம். இறக்கையில் இந்தக் கட்டம் உள்ள குடும்பம் புழுவைத் தின்பதில்லை. புழுவுக்குள் ஏற்கனவே வேறொரு குளவியின் குஞ்சு இருக்கும். இது புழுவின் தோலைத் துளைத்து, அந்தக் குஞ்சுக்குள் தன் முட்டையை வைக்கும். ஆகவே முதல் குளவியின் கூடு போத்தலில் கிடந்திருக்க வேண்டும். அந்தக் கூட்டை அனுப்ப முடியுமா? இல்லையென்றால் போத்தல்கள் கலந்துவிட்டன என்று எடுத்துக்கொண்டு இந்தப் பதிவை நீக்க வேண்டிவரும்.

கூடு இல்லை. குளவியை எடுத்த அன்றே மேரிசெலின் போத்தலைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, சோடாத் தூள் போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வைத்திருந்தாள். தொழிற்சாலையில் வேலை முடிந்தால் மேசையில் ஒரு நூல் இழைகூட இருக்கக் கூடாது. பத்தொன்பது வருடம் அப்படித்தான். பன்னிரண்டு வருடமாகப் போத்தல்களையும் அப்படியே கழுவி வந்திருக்கிறாள். கூட்டின் தோல், புழுவின் தோல், எல்லாம் சாக்கடையில்.

“கலந்துபோச்சாம்” என்று என்னிடம் சொன்னாள். கடிதத்தை மேசையில் குத்தி வைப்பது போல் வைத்தாள். “தவமணியக்கா, நான் ஒரு நாளாவது ஒரு தட்டை மாத்தி அனுப்பியிருப்பனா? ஒரு பண்டியின்ர குடலை இன்னொரு பண்டியின்ர ஈரலோட விட்டிருப்பனா?”

“விடேல்லை. ஆனா போத்தலைக் கழுவினது நீதானே?” என்றேன்.

“ஓம்.”

“அப்ப திரும்பப் பிடி.”

அதுதான் ஒரே வழி. அதே வேலி, அதே புழு, இந்த முறை கூட்டோடு. ஆனால் புழுக்கள் கூடு கட்டத் தொடங்கும் நாளில்தான் அவற்றை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் போத்தலுக்குள் பூஞ்சணம் பிடித்துச் சாகும், பிந்தினால் கூடு உடைந்து எல்லாம் பறந்துவிடும். வருடத்தில் நான்கைந்து நாள்தான். நாளைக் கணக்கிட்டு, ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தாள். தோட்டச் சங்கத்திலிருந்தும் கடிதம் வந்திருந்தது: சனிக்கிழமை பரிசோதனை, அதற்குள் வேலிகளில் வலை இருக்கக் கூடாது.

வேலிக்கு மறுபக்கத் துண்டு ஸ்ரனிஸ்லாஸுடையது. இறந்துபோன கணவரின் தம்பி, ஹேர்னிங்கில் துணித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அவனிடம் அவள் சொன்னாள்: “வெள்ளிக்கிழமை நான் புழு எடுப்பன். அதுக்குப் பிறகு நீ என்னவும் செய்.” அவன் தலையாட்டினான். விளங்கியதா என்று அவளும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம். மூன்று கிழமையாக மழையில்லை. எனது துண்டு அவர்களுடையதற்கு எதிரே. போஞ்சிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது காஸ் சீறும் சத்தம் கேட்டது. ஸ்ரனிஸ்லாஸ் களை எரிக்கும் நீண்ட காஸ் குழாயோடு வேலிக்கு முன்னால் நின்றான். வலை சுருங்கி உருகியது. புழுக்கள் கொத்துக் கொத்தாகக் கீழே விழுந்து வெடித்தன. வறுகிற சத்தம், கருகிய இறைச்சி மணம்.

“டேய்! என்னடா செய்யிறாய்?” மேரிசெலின் கொட்டிலுக்குள்ளிருந்து ஓடிவந்தாள்.

“மச்சாள், உங்கட கை ஏலாது எண்டு நானே தொடங்கீட்டன்!” அவன் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்துச் சொன்னான். “ஊரில முருங்கையில மயிர்க்கொட்டிக்குப் பந்தம் பிடிக்கிறதுதானே? ஒண்டும் மிஞ்சாது, பாருங்கோ!”

அவள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கையிலிருந்த தகர வாளியைச் சுழற்றி அவன் முகத்தில் அடித்தாள். வாளியின் விளிம்பு புருவத்தைப் பிளந்தது. அவன் பின்னால் விழுந்தான். குழாய் கையைவிட்டுப் போய், வேலியின் அடியில் கிடந்த காய்ந்த சருகில் விழுந்தது. நெருப்பு ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அவள் அதற்குள் இரண்டு கையையும் விட்டாள்.

முள்வேலியின் முள் ஒரு விரல் நீளம். அதைப் பிடித்து இழுத்தாள், முறித்தாள், காலால் உதைத்துக் கிளையைப் பிளந்தாள். சட்டைக் கை பொலியெஸ்ரர். அது உருகித் தோலில் ஒட்டியது. வலையோடு ஒரு கட்டுக் கிளையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். முழங்கை வரை இரத்தம். நான் காஸ் சிலிண்டரை மூடிவிட்டுத் தண்ணீர்க் குழாயை வேலிக்குத் திருப்பினேன்.

“முதல் போத்தல்” என்றாள் மேரிசெலின்.

“முதல் தண்ணி. இருவது நிமிசம். கையைக் குழாய்க்குக் கீழ வை.”

“அக்கா, அதுகள் செத்துப்போம்!”

“உன்ர தோல் செத்துப்போச்சு. வை கையை.”

உருகிய துணியை இழுக்கக் கூடாது. சுற்றி வெட்டிவிட்டேன். அவள் கையைத் தண்ணீருக்குக் கீழே நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி தலையைத் திருப்பினாள்.

“ஸ்ரனிஸ்லாஸ்! எழும்பு! கொட்டிலுக்க போத்தல் அடுக்கியிருக்கு, எடுத்துக்கொண்டு வா!”

“எனக்கு இரத்தம் ஓடுது, மச்சாள்.”

“ஓடட்டும். ஒரு போத்தலுக்கு ஒரு புழு. பிடிக்கேக்க நசுக்கினியெண்டால் மற்றப் புருவத்தையும் பிளப்பன்.”

வண்ணத்துப்பூச்சிக்குக்கூடக் கிட்டப் போகாத அவன், ஒரு கண்ணை இரத்தம் மூட, மற்றக் கண்ணால் பார்த்து, வலைக்குள்ளிருந்து உயிருள்ள புழுவை ஒவ்வொன்றாக எடுத்துப் போத்தலில் விட்டான். சிலவற்றுக்கு ஒரு பக்கம் கருகியிருந்தது. அவை அவன் விரலில் சுருண்டு செத்தன. செத்ததையெல்லாம் அவள் எண்ணச் சொன்னாள். அவனும் எண்ணினான். உயிரோடு முப்பத்தொன்று. பிறகு இரண்டு பேரையும் காரில் ஏற்றி அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனேன். அவனுக்கு ஆறு தையல். அவளுக்கு வலது கையில் இரண்டாம் நிலைத் தீக்காயம். விரல் குறைந்த இடது கையில் முள் பத்து.

என்ன நடந்தது என்று அங்கே தாதி கேட்டாள்.

“வேலி வெட்டினனாங்கள்” என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

சனிக்கிழமை சங்கத்தார் வந்தார்கள். வேலி கருகிய குச்சியாக நின்றது. வலை இல்லை. தாளில் ‘சரி’ என்று போட்டுவிட்டுப் போனார்கள்.

பதினாறு நாள் நான் அவளுடைய குசினி மேசையில் கட்டு மாற்றினேன். கொப்புளத் தோலை வெட்டும்போது அவள் யன்னல் ஓரம் வரிசையாக நின்ற போத்தல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்து பூஞ்சணத்தில் செத்தன. பதினேழில் விட்டில் வந்தது, வெள்ளை இறக்கையில் கறுப்புப் புள்ளி. ஆறில் கறுப்புக் குளவி, செம்மஞ்சள் கால், மேலே வளைந்த ஊசி. அது அவளுக்குத் தெரிந்த குளவி, புழுவைத் தின்பது. கடைசி மூன்றில் ஒன்றும் வராமல் நாள் போய்க்கொண்டே இருந்தது.

“செத்துப்போச்சுப் போல” என்றான் ஸ்ரனிஸ்லாஸ். புருவத்தில் தையல் எடுத்த தழும்போடு ஒவ்வொரு நாளும் வந்துபோனான். “கழுவி வைக்கட்டோ?”

“தொடாத!”

பதினான்காம் நாள் ஒன்று வந்தது. பதினாறாம் நாள் மற்ற இரண்டும். தேன் நிறம், இறக்கையில் சாய்சதுரக் கட்டம். ஒன்று ஆண், வால் முனையில் இரண்டு மெல்லிய குச்சி.

அவள் வலது கையில் கட்டு இருந்தது. ஊசியை இடது கையின் மூன்று விரலில் பிடித்தாள். போத்தலின் அடியில் கிடந்ததை எடுத்து உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து வெட்டினாள். வெளியே புழு கட்டிய வெள்ளைக் கூடு. அதற்குள் ஒரு மூலையில் புழுவின் வெற்றுத் தோல், நடுவில் கறுப்புக் குளவியின் குஞ்சு கட்டிய பழுப்புக் கூடு. அதற்குள் தாளைப் போல மெல்லிய மூன்றாவது கூடு. மூன்றாவதுக்கு அருகில் ஒட்டிக்கொண்டு, உறிஞ்சி எடுத்த கறுப்புத் தோல் ஒன்று. இரண்டு கொடுக்கு போன்ற வாய் மட்டும் மிச்சம். புழுவைத் தின்று முடித்து, தனக்குக் கூடும் கட்டி முடித்த குஞ்சு அது. கூடு கட்டும் வரை உள்ளே பொறுத்திருந்த மற்றது, பிறகு அதைத் தின்றிருக்கிறது.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

“என்ன, மச்சாள்? அந்த வெள்ளைக்காரன் சொன்னது சரியோ?”

“ஓம். நான் எழுதினது பிழை. போத்தல் கலக்கேல்லை. ஆனா இது புழுவைக் கொல்லேல்லை. புழுவைக் கொன்றதைத்தான் கொன்றிருக்கு.”

“அப்ப எங்கட பக்கமோ, புழுவின்ர பக்கமோ?”

“அதுக்கு ஒரு பக்கமும் இல்லை. நீ தேத்தண்ணி போடு.”

போத்தல்களையே மூடி ஒட்டி, கழுவாமல், எச்சம், தோல், காய்ந்த இலை எல்லாவற்றோடும் பெட்டியில் அடுக்கினாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது, குழாயைத் திறந்து திறந்து மூடியதில் தெரிந்தது. உள்ளே ஒரு தாள் வைத்தாள். புழு எடுத்த நாள், இடம், கூட்டுக்குள் கூடு கிடந்த ஒழுங்கு, எல்லாம் எழுதினாள். கருகிச் செத்தவை நூற்றுப் பதினெட்டு என்றும் எழுதினாள். எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் இரண்டு பெயர் போட்டாள்.

“என்ர பேர் ஏன்?” என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

“போத்தலில விட்டது நீ. எரிச்சதும் நீதான். அதையும் எழுதியிருக்கிறன்.”

பொவ்லின் பதில் ஓகஸ்டில் வந்தது. நான்கு வரி. இருபத்துமூன்றாவது குளவி பட்டியலில் இருக்கிறது, எதைத் தின்கிறது என்ற இடத்தில் மட்டும் திருத்தம். பழைய இருபத்திரண்டின் போத்தல்களும் கழுவப்பட்டுவிட்டனவா என்று கேட்டிருந்தார்.

மேரிசெலின் பழைய கொப்பியை எடுத்தாள். போன வருடத்துப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. புதுத் தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்த கையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுதினாள்: ‘போத்தலைக் கழுவியது நான்.’ பிறகு முதல் பக்கத்துக்குப் போய், முதலாவது குளவியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கீழே அதையே எழுதத் தொடங்கினாள்.