கடைவாய்க் காளை

தல்லாகுளத்தில் ஒரு பல் டாக்டரிடம் மாட்டினேன். ஆள் ஒல்லிக்குச்சி. குரல் மட்டும் ஜல்லிக்கட்டு மைக்குக்கென்றே செய்தது. தை பிறந்தால் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஊர் ஊராக வர்ணனை சொல்லப் போய்விடுவாராம். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு அவரே சொன்னார்.

"அப்ப மைக்கையே பொழப்பா வச்சுக்கிட்டிருக்கலாமே டாக்டர்?"

"ஆசைதாண்ணே. மாடு தை பொறந்தாத்தான் ஓடும். பல்லு வருசம் பூரா வலிக்கும்ல?"

நியாயந்தானே என்று வாயைத் திறந்தேன். அதுதான் தப்பு. இடுக்கியை எடுத்ததும் மனுஷன் ஆரம்பித்துவிட்டார்.

"இந்தா வருதுய்யா கடைவாய்க் காளை! தொட்டுப் பாரு! புடிச்ச வீரனுக்கு ஒரு அண்டா!"

நர்ஸம்மா கொட்டாவி விட்டார். டாக்டர் இழுத்தார், திருகினார், வியர்த்தார். வர்ணனை மட்டும் நிற்கவில்லை. கடைசியில் இடுக்கியைப் போட்டுவிட்டுக் கையை உயர்த்தினார்.

"மாடு புடிபடல! மாடு ஜெயிச்சிருச்சு! வேரு வளைஞ்சு கெடக்குண்ணே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

தோற்ற வருத்தம் அந்தக் குரலில் துளியும் இல்லை. பிடிபடாத மாட்டுக்குச் சொந்தக்காரனிடம் பரிசைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதையும் அவர் விடவில்லை. புது டூத் பிரஷ் ஒன்றை என் கையில் திணித்தார்.

திருநகர் பஸ்ஸில் ஏறிய பிறகாவது அவரைத் திட்டியிருக்க வேண்டும். நானோ வீங்கிய கன்னத்தோடு, காளை வளர்த்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.