கண்ணாத்தாள் தாமதமாக வந்த நாள்

பூதலூரைச் சுற்றி ஏழெட்டு ஊர்களில் நடவு என்றால் முதலில் கண்ணாத்தாளின் கைபேசிதான் அடிக்கும். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. குழுவில் பதினெட்டுப் பெண்கள். ஆள் வருமா என்று அவரிடம் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. ஆறரைக்கு வயலில் இறங்குவதாகச் சொன்னால், அதற்குப் பத்து நிமிடம் முன்பே அவருடைய டி.வி.எஸ். ஃபிப்டி வரப்போரம் நிற்கும். இருபத்தோரு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அவர் நேரம் தவறினார்.

அந்த வண்டியை அவர் நாற்பத்து நான்கு வயதில் தானாகவே ஓட்டிப் பழகினார். அறுவடை முடிந்த வயலில் மூன்று நாள் சுற்றினார், நான்காம் நாள் சாலைக்கு வந்துவிட்டார். நடவும் அப்படிக் கண்ணால் பார்த்துக் கைக்கு வந்ததுதான். குத்துக்கு மூன்று நாற்று. ஒரு விரற்கணு ஆழம். அதற்கு மேல் அழுத்தினால் பயிர் தூர் கட்டிக் கிளைக்காது. "ஏய், அது நாத்தா, பந்தக்காலா? இவ்வளவு ஆழமா ஊனுற?" என்று கேட்டுக்கொண்டே நடுவார். அந்த வாய்க்குப் பயந்தே மற்றவர்களின் வரிசை நேராக வரும்.

இந்த வருடக் குறுவையில் இளஞ்செழியனின் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தில்தான் சிக்கல் வந்தது. சிங்கப்பூரில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் நிலத்தைக் கவனிக்க வந்திருப்பவர் அவர். பக்கத்து வயலில், இயந்திர நடவுக்கு வாடகை வாங்கும் ஜாபிர், நடவு இயந்திரத்தையும் அதற்கென்று பாய்போல் வளர்த்த நாற்றையும் வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"ஒரே நாள்ல முடியணும் அக்கா. மறுநாள் வாய்க்கால்ல தண்ணி முறை மாறுது. ஆறரைக்கு எறங்கிடுங்க. ஏழு வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஜாபிர வரச் சொல்லிடுவேன்" என்றார் இளஞ்செழியன்.

"ஏழு என்ன தம்பி ஏழு? ஆறரைன்னா ஆறரை."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்குக் கவலைதான். அந்த வாய்க்காலில் முதல் வயல் அது. அங்கே இயந்திரம் இறங்கினால் அடுத்த வயல்காரர்களும் அதையே கூப்பிடுவார்கள். பதினெட்டுப் பேருக்கும் ஆனி மாதம் முழுக்க வேலை இருக்காது.

நடவன்று விடியலில் நிலக்காரர் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்வது வழக்கம். வாங்கியவர் கையால்தான் ஈசான மூலையில் முதல் நாற்று முடிச்சை நட வேண்டும். அதுவரை வேறு யாரும் நாற்றைத் தொடமாட்டார்கள். கண்ணாத்தாளுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. வாங்கி மடியில் செருகிக்கொண்டு, வயலுக்குப் போனதும் யாருக்காவது கொடுத்துவிடுவார்.

அன்று இளஞ்செழியன் விடவில்லை. "முறைன்னா முறையா செய்யணும் அக்கா. நீங்களும் போடணும், நானும் போடுவேன். கடைப் பாக்கு இல்ல, நம்ம கொல்லை மரத்துலேருந்து நேத்து நானே பறிச்சது. புதுசு!" என்று பெருமையாகத் தட்டை நீட்டினார். பாக்கைத் தடிமனாகச் சீவி வைத்திருந்தார். வாயில் போட்டதும் கொழகொழவென்று இருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணாத்தாள் மென்றார். இளஞ்செழியனும் எதிரே நின்று மென்றார்.

"நீங்க முன்னாடி போங்க. நான் குளிச்சுட்டு வந்துடுறேன்."

பின்னிருக்கையில் கலைமகள் ஏறிக்கொண்டாள். குழுவில் எல்லோரையும்விட நன்றாக நடுகிறவள். வண்டி ஓட்டத் தெரியாது. வாய் ஓயாது. வயலுக்கு எட்டு கிலோமீட்டர். வண்டி கிளம்பும்போதே தன் நாத்தனாரின் புது மிக்சியைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள்.

அரை கிலோமீட்டர் போயிருப்பார்கள். கண்ணாத்தாளுக்கு முதலில் காது மடல் இரண்டும் சுட்டன. பிறகு நெற்றியில் வியர்த்தது. விடியற்காலைக் காற்று முகத்தில் அடிக்கும்போது எதற்கு வியர்க்கிறது என்று நினைப்பதற்குள் தொண்டையை யாரோ உள்ளிருந்து பிடிப்பதுபோல் இறுகியது. சாலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அக்கா, வண்டி ஏன் நெளிஞ்சு நெளிஞ்சு போவுது?"

"ரோடு சரியில்லடி."

"நேத்து போட்ட ரோடுக்கா இது!"

நெஞ்சில் பாரம் ஏறியது. வாய்க்கால் மதகு கண்ணில் பட்டதும் கண்ணாத்தாள் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போடாமலே இறங்கினார். கலைமகள் வண்டியைத் தாங்கிக்கொண்டு அலறினாள்.

"நெஞ்சு வலிக்குதா? இடது கை இழுக்குதா? நான் நூத்தியெட்டுக்கு அடிக்கிறேன்!"

"அடிச்சே, உன்னைய அடிப்பேன்" என்றார் கண்ணாத்தாள். ஆனால் குரலே எழும்பவில்லை. போன மாசிமாதம் தெற்குத் தெருவில் ஒருவர் இப்படித்தான் வியர்த்து உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அந்த நினைப்பு ஒரு பக்கம். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனால் ஏழு மணிக்கு அந்த வயல் இயந்திரத்துக்குப் போய்விடும் என்ற நினைப்பு இன்னொரு பக்கம்.

மதகையொட்டி பர்வின் டீக்கடை வைத்திருக்கிறார். சத்தம் கேட்டு வடிகட்டியும் கையுமாக ஓடிவந்தவர், கண்ணாத்தாளின் முகத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார்.

"வெத்தலையா? நீங்களா?"

"ஆமா."

"பாக்கு எப்புடி இருந்துச்சு? காஞ்சதா?"

"பச்சை. கொழகொழன்னு... மரத்துலேருந்து நேத்து பறிச்சதாம்."

"வெறும் வயித்துலயா? சரிதான். பாக்கு சொக்கிருச்சுக்கா. பழக்கமில்லாதவங்கள பச்சைப் பாக்கு தூக்கிப் போட்டுடும். வாயக் கொப்புளிங்க."

பர்வின் ஒரு பிடி சர்க்கரையை அவர் வாயில் போட்டார். பிறகு, கேட்காமலே ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். கண்ணாத்தாள் விக்கித்துப்போய் நிமிர்ந்தார். கொண்டை அவிழ்ந்து, புடவை நனைந்து, சர்க்கரையைச் சப்பிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்துக் கலைமகளுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு போட்டோ எடுத்துக்கவாக்கா?"

"எடு. அதுதான் உனக்குக் கடைசிப் போட்டோ."

"திட்ட ஆரம்பிச்சுட்டாங்க, உசுரு வந்துருச்சு" என்றார் பர்வின். "அரை மணி உக்காருங்க. அதுக்குள்ள தெளியலன்னா நானே ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிடுறேன்."

கலைமகள் வயலுக்கு போன் செய்தாள். "நீங்க எறங்கிடுங்கடி, நாங்க வர்றோம்."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "வெத்தலை வாங்குன கை படாம நாங்க எப்புடித் தொடுறது? மெஷின்காரரு வரப்புல வந்து நிக்கிறாருடி!"

இளஞ்செழியனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை.

"கோவமா இருக்காரு போலக்கா."

கண்ணாத்தாள் கடைச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறரை ஆனது. ஆறே முக்காலுக்குக் காதுச் சூடு தணிந்தது. சாலை மறுபடி மட்டமாகத் தெரிந்தது. எழுந்து பத்தடி நடந்து பார்த்தார். திரும்பியும் நடந்தார். "ஏறுடி" என்றார்.

வயலை அடைந்தபோது மணி ஏழு பத்து. பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு எதிரே ஜாபிர், இயந்திரத்தை மேட்டிலேயே நிறுத்திவிட்டு, கைபேசியைக் காதில் வைத்திருந்தார்.

"சார் போனை எடுக்க மாட்டேங்குறாரு பெரியம்மா. ஏழுக்கு எறக்கச் சொல்லிருந்தாரு. ஆனா அவரு வாயால இப்ப ஒரு வார்த்தை வேணும்ல?"

"அவரு சொல்லாம எறக்குவியா?"

"அடுத்தவங்க வயல்ல எப்புடி? மாட்டேன்."

"அப்ப நான் எறங்குறேன். எனக்கு வெத்தலை வச்சு சொல்லிட்டாங்க." ஈரப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணாத்தாள் ஈசான மூலையில் இறங்கினார். கால் சற்றுத் தள்ளாடியது. முடிச்சை அவிழ்த்து முதல் நாற்றை ஊன்றினார். அடுத்த நிமிடம் பதினேழு பேரும் சேற்றில் இருந்தார்கள்.

ஏழரை மணிக்கு இளஞ்செழியன் வந்தார். பைக்கில் இல்லை. பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வீட்டிலிருந்து கிளம்பி மதகுக்கு வருவதற்கு முன்பே தலை சுற்றிப் புளியமரத்தடியில் படுத்துவிட்டாராம். யாரோ எழுப்பித் தண்ணீர் ஊற்றி, தங்கள் வண்டியின் பின்னாலேயே மெதுவாக ஓட்டி வரச் செய்திருக்கிறார்கள். வயலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில் மறுபடி கண் இருட்டியதும் இறங்கித் தள்ள ஆரம்பித்திருக்கிறார்.

"அக்கா... எனக்கு ஹார்ட்டுன்னே நெனச்சுட்டேன்."

"நானும் அப்புடித்தான் நெனச்சேன். வாயக் கொப்புளிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாத்தாள் நிமிர்ந்தார். "தம்பி, ஏழு பத்துக்குத்தான் எறங்குனோம். சொன்ன நேரம் தப்பிப் போச்சு. மெஷினை விடணும்னா இப்பவே சொல்லுங்க, கரையேறிடுறோம்."

பெண்களின் கைகள் நின்றன. இளஞ்செழியன் வரப்பில் உட்கார்ந்தார். நட்டிருந்த பச்சையைப் பார்த்தார், ஜாபிரைப் பார்த்தார்.

"நானே ஏழரைக்கு வந்திருக்கேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கள ஏறச் சொல்றது? நடுங்க அக்கா. ஜாபிர், நீங்க அடுத்த ஊரு வேலையப் பாருங்க."

"நாளைக்கி வெளியூர்ல எனக்கும் வெத்தலை வைக்கிறேன்னாங்க சார்" என்றார் ஜாபிர். "வேணாம்னு சொல்லிடுறேன்."

வரப்பு முழுக்கச் சிரிப்பு. கலைமகள் சேற்றிலிருந்தே கத்தினாள்: "மெஷினுக்கு வச்சுப் பாருங்கண்ணே, சொக்குதா பாப்போம்!"

அன்று சாப்பாட்டுக்குக்கூட யாரும் நெடுநேரம் கரையில் உட்காரவில்லை. வெயில் சாயும்போது கடைசிப் பாத்தியும் முடிந்தது. பெண்கள் கால் கழுவ வாய்க்காலுக்குப் போனார்கள். கண்ணாத்தாள் மட்டும் ஈசான மூலைக்குத் திரும்பினார். காலையில் அவர் நட்ட முதல் இரண்டு வரிசை கோணலாக, கணுவுக்கு மேல் ஆழமாக இருந்தது.

"விடுக்கா, யாரு பாக்கப் போறா?" என்றாள் கலைமகள்.

"மெஷின் நட்டா நேரா இருக்கும்னு நாளைக்கு இந்த வழியா போறவன் சொல்லுவான்" என்றபடி கண்ணாத்தாள் மறுபடி சேற்றில் இறங்கி, அந்த இரண்டு வரிசையையும் பிடுங்கித் திரும்ப நட்டார்.